மலையக நீர்த்தேக்கங்களில் கயாக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகு வைத்திருப்பவர்கள் இன்னும் குறைவுதான். அதனால் ஒன்றைக் கரையில் இறக்கினாலே நாலு பேர் கூடிவிடுவார்கள். கவிழாதா, என்ன விலை, மீன் படுமா என்று கேள்விகளும் ஏறக்குறைய அவையேதான். வெளிநாட்டில் வேலை செய்யும் அண்ணனோ மாமாவோ பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார், எதை வாங்குவது என்று கேட்பவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். அவர்களுக்காகவும், ஏற்கெனவே வாங்கிவிட்டு இறங்கப் போகிறவர்களுக்காகவும் இதைத் தொகுத்தேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை விட்டிருக்கிறேன்.

1. மேலே உட்காருற கயாக்னா என்ன? மத்ததுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

கயாக்கில் பொதுவாக இரண்டு வகை. ஒன்றில் கால்களை உள்ளே நீட்டி, இடுப்பு வரை படகுக்குள் இருப்பீர்கள். அது கவிழ்ந்தால் உள்ளே தண்ணீர் நிரம்பிவிடும். கரைக்கு இழுத்து வந்து கொட்டினால்தான் மறுபடி ஓட்டலாம். மற்றது மேலே உட்காரும் வகை. முழுக்க அடைத்த, உள்ளே காற்று மட்டும் இருக்கிற பிளாஸ்டிக் கூடு அது. அதன் முதுகில் உட்காரவும் கால் வைக்கவும் பள்ளம் வைத்திருப்பார்கள். கவிழ்ந்தாலும் நிரம்பாது. நிமிர்த்திவிட்டு ஏறிக்கொள்ளலாம்.

மீன் பிடிக்கவும் பொழுதுபோக்கவும் புதிதாகத் தொடங்குபவருக்கு இரண்டாவதுதான் சரி என்பது என் முடிவு. அதற்குக் குறையும் உண்டு. உட்காரும் இடம் நனையும், காற்று நேராக உடம்பில் படும், பாரமும் கொஞ்சம் கூட. மட்டக்களப்பு வாவியில் நனைந்தால் சுகமாக இருக்கும். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விடியற்காலை நனைந்தால் பல் கிட்டும். உடுப்பைப் பற்றி 14இல் சொல்கிறேன்.

2. நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கே. அதுவழியா தண்ணி ஏறி மூழ்காதா?

மூழ்காது. அந்த ஓட்டை ஒவ்வொன்றும் மேல்தட்டிலிருந்து அடிவரை போகும் ஒரு குழாய். குழாயின் சுவர் கூட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டது, அதனால் தண்ணீர் கூட்டுக்குள் போக வழியில்லை. மேலே தெறிக்கும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் அந்த வழியாக இறங்கிவிடும். இருக்கையில் தண்ணீர் தேங்கியே நின்றால் அது பாரம் கூடிவிட்டது என்பதற்கு அறிகுறி. 6ஐப் பாருங்கள்.

ரப்பர் அடைப்பான்கள் தனியே கிடைக்கும். அலையில்லாத காலையில் போட்டால் பின்புறம் காய்ந்து இருக்கும். அலை எழும்பினால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் மேலே விழும் தண்ணீர் வடியாமல் தங்கிப் படகு தள்ளாடும். இவை போக, முனையில் ஒரு சிறிய திருகு மூடி இருக்கும். இறங்கும் முன் அது இறுகியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். கரை ஏறியதும் அதைத் திறந்து வடியுங்கள். ஒரு கோப்பை வந்தால் பயமில்லை. ஒரு லீட்டர் வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது.

3. எனக்கு நீச்சல் தெரியாது. ஓட்டலாமா அண்ணே?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நம்மில் பலருக்கு நீச்சல் தெரியாது. ஓடையில் குளித்திருப்போம், பீலியில் குளித்திருப்போம், ஆழத்தில் நீந்தியிருக்க மாட்டோம். அதனால் இந்தக் கேள்வியைக் கேட்க யாரும் கூச்சப்பட வேண்டாம். என் பதில்: கயாக் வாங்கும் முன் நீச்சல் பழகுங்கள். அழகாக நீந்தத் தேவையில்லை. உயிர்காப்பு அங்கியோடு மல்லாந்து மிதக்கவும், 50 மீற்றர் போலக் காலடித்து நகரவும், முகத்தில் தண்ணீர் பட்டால் பதறாமல் இருக்கவும் தெரிந்தால் தொடங்கலாம்.

அதுவரை, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இன்னொரு கயாக்கில் இருக்க, இடுப்பளவு தண்ணீருள்ள சிறு விரிகுடாவுக்குள் மட்டும் பழகுங்கள். ஒரு விஷயம் மனதில் இருக்கட்டும். நீர்த்தேக்கத்தின் அடி, குளத்தின் அடி மாதிரி மெல்ல மெல்லச் சரியாது. அது மூழ்கிய மலைச்சரிவு. இடுப்பளவு இருந்த இடத்திலிருந்து இரண்டு எட்டு வைத்தால் ஆள் தாழும்.

4. லைஃப் ஜாக்கெட் எது வாங்கணும்? சும்மா ஒண்ணு போதாதா?

சும்மா ஒன்று போதாது. மிதக்கும் விசையை நியூட்டன் கணக்கில் உள்ளே உள்ள சீட்டில் அச்சடித்திருப்பார்கள். நீந்தத் தெரிந்தவருக்கு 50 நியூட்டன் அங்கி. துடுப்புப் போடத் தோள் தாராளமாக அசையும்படி கைப்பக்கம் அகலமாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். நீந்தத் தெரியாதவருக்கு 100 நியூட்டன் வகை, கழுத்துப் பட்டையோடு. மயங்கினாலும் முகத்தை மேலே வைப்பதற்காகச் செய்யப்பட்டது அது. பருமன் கூட, துடுப்புப் போடக் கொஞ்சம் இடைஞ்சல். இருந்தாலும் அதுதான் வேண்டும்.

போட்டுப் பட்டிகளை இறுக்கிய பிறகு, இன்னொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். நாடியைத் தாண்டி ஏறினால் அளவு பெரிது. படகில் காலடியில் கிடக்கும் அங்கியால் ஒரு பயனும் இல்லை, விழுந்த பிறகு அதைப் போட முடியாது. ஒரு விசிலையும் அதிலேயே கட்டிவிடுங்கள். மூடுபனிக்குள் கத்துவதைவிட விசில் தூரம் போகும்.

5. எத்தனை அடி வாங்கணும்? அகலமானதுதானே நல்லது?

நீளம் கூடினால் வேகமும் நேராகப் போவதும் கூடும். அகலம் கூடினால் ஆட்டம் குறையும், இழுவை கூடும். நம் நீர்த்தேக்கங்கள் கிளை கிளையாக மடிந்து போகிறவை, கடல் மாதிரித் திறந்த தூரம் குறைவு. அதனால் 3 முதல் 3.5 மீற்றர் நீளம், அதாவது 10 முதல் 11½ அடி போதும். அகலம் 75 முதல் 85 சென்ரிமீற்றர். 2.7 மீற்றரிலும் வரும். தூக்க லேசு, ஆனால் எதிர்காற்றில் மூக்கு இடமும் வலமும் அலைந்து ஆளைக் களைப்பாக்கிவிடும்.

அகலமானதெல்லாம் நல்லது என்று நினைக்க வேண்டாம். தட்டையான அடி, நின்ற தண்ணீரில் மேசை மாதிரி அசையாமல் இருக்கும். சாயத் தொடங்கி ஒரு எல்லையைத் தாண்டினால் சட்டென்று கவிழும். கொஞ்சம் வளைந்த அடி ஆரம்பத்தில் ஆடுவது போலிருந்தாலும் சாய்ந்த பிறகும் தாங்கும். வாங்கும் முன் யாருடையதிலாவது ஏறி, இடுப்பை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள்.

6. 120 கிலோ தாங்கும்னு போட்டிருக்கு. நான் 75 கிலோ. போதும்தானே?

போதாது. அந்த எண் படகு மூழ்காமல் தாங்கும் உச்சப் பாரம். வசதியாக ஓட்ட அதில் ஏறக்குறைய 70 வீதத்தைத்தான் கணக்கெடுக்க வேண்டும். 120 கிலோவில் 70 வீதம் 84 கிலோ. நீங்கள் 75, நனைந்த உடுப்பும் அங்கியும் 4, தூண்டில் சாமான், நங்கூரம், தண்ணீர்ப் போத்தல், சாப்பாடு எல்லாம் 10 என்று வைத்தால் 89 ஆகிவிடுகிறது. பிடிக்கப் போகும் மீனை நான் இன்னும் சேர்க்கவில்லை. 140 கிலோ எழுதியதை எடுங்கள், 98 வரை இடம் இருக்கும்.

7. பெடல் வச்சது இருக்காமே? கை சும்மா இருக்குமாம், தூண்டிலைப் பிடிச்சுக்கலாமாம்.

உண்மைதான், கை சும்மா இருக்கும். ஆனால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் விசிறியோ செட்டையோ நம் தண்ணீருக்குச் சரிப்படாது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களுக்கு அடியில் பழைய தேயிலைச் செடிகளும் மரக்கட்டைகளும் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் இறங்கும்போது அவை மட்டத்துக்கு ஒரு சாண் கீழே கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். போதாததற்கு வலைக் கயிறுகள்.

பாரமும் பெரிய விஷயம். துடுப்பால் ஓட்டும் கயாக் 22 முதல் 32 கிலோ வரை. பெடல் வைத்தது 40க்கு மேல், 50ஐயும் தாண்டும். றோட்டிலிருந்து தண்ணீருக்கு வாகனம் போகும் இடங்கள் நம் பக்கம் குறைவு. தேயிலை மலைக்குள் குறுக்கு வழியில் இறக்கி, திரும்பும்போது களைத்த உடம்போடு மேலே ஏற்ற வேண்டும். நீங்கள் இரண்டு பேராகச் சறுக்காமல் ஏற்றக்கூடிய பாரம் எதுவோ அதுதான் உங்கள் கயாக். பலர் இருக்கையையும் தடி செருகும் துளைகளையும் எண்ணிப் பார்த்து வாங்குகிறார்கள். அந்த ஏற்றத்தை நினைத்துப் பார்த்து வாங்குபவர்தான் வாரா வாரம் தண்ணீரில் இறங்குகிறார்.

8. காத்தடிச்சு ஊதுறது மலிவா கிடைக்குதே. பஸ்ல கொண்டு போகலாமாமே?

வாகனம் இல்லாதவருக்கு அது பெரிய வசதி, நான் குறை சொல்ல மாட்டேன். மடித்தால் ஒரு பெரிய பை, 12 முதல் 18 கிலோ. ஆனால் கடற்கரை விளையாட்டுச் சாமானாக விற்கும் மெல்லிய வகையை எடுக்க வேண்டாம். தடித்த துணி உள்ளே வைத்த, தனித்தனியாகக் குறைந்தது 3 காற்றறை உள்ளதை எடுங்கள். ஒன்று போனாலும் மற்றவை தாங்கும்.

இரண்டு கவனம். காற்று அதை இலேசாகத் தள்ளிக்கொண்டு போகும், அதனால் கரையோரமே ஓட்டுங்கள். அடுத்தது, குளிரான காலையில் இறுக்கமாக ஊதியதை நடுப்பகல் வெயிலில் கரையில் போட்டு வைத்தால் உள்ளே அழுத்தம் கூடித் தையல் விட்டுவிடலாம். கரை ஏறியதும் கொஞ்சம் காற்றைத் திறந்து விடுங்கள். முள்ளுத் தூண்டிலைக் கையாளும் விதம் சொல்லத் தேவையில்லை.

9. துடுப்பு எந்த நீளம்?

கயாக்கின் அகலத்தைப் பார்த்து எடுங்கள். 70 சென்ரிமீற்றருக்குள் என்றால் 220 சென்ரிமீற்றர், 75 முதல் 80 வரை என்றால் 230, அதற்கு மேல் 240. குட்டையான துடுப்பு விரல் மூட்டைப் படகு ஓரத்தில் தேய்க்கும். இழுக்கும்போது கையால் மட்டும் இழுக்காமல் இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்புங்கள். கை மட்டும் இழுத்தால் அரை மணியில் தோள் செத்துவிடும்.

10. கொழும்புப் பக்கம் ஒருத்தர் பழையதை விக்கிறார். எதைப் பாத்து வாங்கணும்?

முதலில் 2இல் சொன்ன குழாய்கள். அவை மேல்தட்டோடும் அடியோடும் சேரும் வளையத்தில்தான் வெடிப்பு தொடங்கும். சக்கர வண்டியின் தடிகளைக் குழாய்க்குள் செருகிக் கற்பாதையில் இழுத்த படகுகளில் இதை அடிக்கடி காணலாம். கைபேசி வெளிச்சத்தைக் குழாய்க்குள் அடித்து, நகத்தால் வளையத்தைச் சுற்றித் தடவுங்கள். நகம் எங்கே தடங்குகிறதோ அங்கே நின்று பாருங்கள். பிறகு அடியின் பின்முனை. கரையில் இழுத்து இழுத்துத் தேய்ந்து, அமுக்கினால் உள்ளே போகும் அளவுக்கு மெலிந்திருந்தால் வேண்டாம்.

அடுத்து நிறம். வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளிறி, தேய்த்தால் மா மாதிரிக் கையில் ஒட்டும். அது உடையும் நிலைக்கு வந்துவிட்ட பிளாஸ்டிக். சும்மா ஒரு குழி விழுந்திருப்பது அவ்வளவு மோசமில்லை, வெயிலில் வைத்தால் பெரும்பாலும் தானே எழும்பிவிடும். கடைசியாக, திருகு மூடி வழியாக இரண்டு வாளித் தண்ணீரை உள்ளே ஊற்றி மூடி, நாலு பக்கமும் சாய்த்துப் பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

11. வெடிச்சா ஃபைபர் போட்டு ஒட்டிரலாம்தானே? எங்க வைக்கிறது?

ஒட்டாது. இந்தக் கயாக்குகள் பொலித்தீன் பை செய்யும் அதே இனப் பிளாஸ்டிக். ஃபைபர் பிசினோ எபொக்சியோ அதில் பிடிக்காது, கொஞ்ச நாளில் தோல் உரிவது போல உரிந்து வந்துவிடும். அதே வகைப் பிளாஸ்டிக் பட்டியை வெப்பத்தால் உருக்கி வெல்ட் செய்ய வேண்டும். தண்ணீர்த் தாங்கி, வாகன பம்பர் வெல்ட் செய்பவர்களிடம் காட்டுங்கள். வெடிப்பின் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டுவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அது ஓடிக்கொண்டே போகும்.

வைக்கும்போது கவிழ்த்தோ ஒரு பக்கமாகச் சரித்தோ, நிழலில். கூரைக்கடியில் இரண்டு அகலப் பட்டியில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. லயத்துக் காம்பிராவில் இடமில்லை என்றால் சுவரோரம் சாய்த்துப் படங்கால் மூடலாம். மெல்லிய கயிற்றில் நடுவில் மட்டும் தொங்கவிட்டால் வளைந்துவிடும்.

12. வேன் இல்ல. எப்படிக் கொண்டு போறது?

சின்ன லொறியின் பின்தட்டில் பாதி உள்ளே, பாதி வெளியே என்று கொண்டு போகிறவர்கள் உண்டு. வெளியே நீளும் முனையில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். பின் கதவை மடித்துப் போடாமல், கயாக்கின் மூக்கைத் தட்டின் முன்சுவரில் முட்டுக் கொடுத்துக் கட்டுங்கள். காரின் மேலே என்றால் இரண்டு பட்டி குறுக்காக, அதோடு முன்முனையிலிருந்தும் பின்முனையிலிருந்தும் தனித்தனிக் கயிறு. ஹட்டனிலிருந்து நோர்வூட் வரும் வளைவுகளில் குறுக்குப் பட்டி மட்டும் கட்டிய கயாக் விசிறி மாதிரித் திரும்பும். ஐந்து கிலோமீற்றர் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்குங்கள்.

முச்சக்கர வண்டியின் மேல் கட்டிக் கொண்டு போகலாமா என்றும் கேட்கிறார்கள். வேண்டாம்.

13. எந்த மாசம் நல்லது? காலைல அசையாம கிடக்குது, பகலுக்கு மேல ஏன் அப்படிக் கொந்தளிக்குது?

மலையகத்தின் மேற்குச் சரிவுக்கு, அதாவது காசல்ரீ, மவுசாகலை, மேல் கொத்மலைப் பக்கத்துக்கு, மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. காற்றும் மழையும் நாள் முழுக்க இருக்கும், அந்தக் காலத்தில் கயாக்கை மூடி வையுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை இங்கே நல்ல காலம். விக்டோரியா, ரந்தெனிகல இருக்கும் கிழக்குப் பக்கத்தில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் மழை. அங்கே ஜூன், ஜூலையில் மழை குறைவு என்று நம்பிப் போகாதீர்கள். மலையைத் தாண்டி இறங்கும் காய்ந்த காற்று அகன்ற நீர்ப்பரப்பில் வெள்ளை நுரை எழுப்பும்.

நல்ல காலத்திலும் காலையில் போய்ப் பகல் 11 மணிக்குள் கரையேறுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏறச் சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கு வழியாகக் காற்று மேலே ஏறத் தொடங்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பிற்பகலில் இடிமழை பிடிக்கும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது சுமார் 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது. உடனே கரை. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி தண்ணீர். இன்று கிடைக்கும் தூண்டில் தடிகளில் பல காபன் இழையால் ஆனவை, மின்சாரம் கடத்தும். அவற்றைப் படுக்க வைத்துவிடுங்கள்.

போகும்போது எதிர்காற்றில் போங்கள். களைத்துத் திரும்பும்போது காற்று உங்களைத் தள்ளிக்கொண்டு வரும்.

14. என்ன உடுப்பு போடுறது? ஜீன்ஸ் போடலாமா?

ஜீன்ஸும் பருத்தி ரீசேட்டும் வேண்டாம். நனைந்தால் பாரம், காயவும் காயாது. விளையாட்டு ஜேர்சி மாதிரிச் செயற்கை நூல் உடுப்பு, அதன் மேல் மெல்லிய கம்பளிச் சுவெட்டர், அதற்கு மேல் மழை மேலங்கி. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக இழுக்கும். வெயில் எப்படி இருக்கிறது என்று பார்த்து உடுத்தாதீர்கள். தண்ணீரில் விழுந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்து உடுத்துங்கள். கணுக்காலைக் கட்டும் சப்பாத்துப் போடுங்கள், கம்பூட்ஸ் கூடாது, உள்ளே தண்ணீர் நிரம்பி இழுக்கும். மாற்று உடுப்பு ஒன்று தண்ணீர் புகாத பையில் இருக்கட்டும். குளிராக இருந்தாலும் உயரத்தில் வெயில் சுடும், தொப்பி தேவை.

15. கவிழ்ந்துட்டா எப்படித் திரும்ப ஏறுறது?

முதலில் துடுப்பையும் படகையும் விடாதீர்கள். காற்றில் வெற்றுக் கயாக் நீங்கள் நீந்துவதைவிட வேகமாகப் போய்விடும். கவிழ்ந்த படகின் நடுப்பக்கத்துக்கு வாருங்கள். அடியின் மேலாகக் கையை நீட்டி, அந்தப் பக்கத்து ஓரத்தையோ அங்கே கட்டிய பட்டியையோ பிடித்து, இந்தப் பக்கத்து ஓரத்தில் முழங்காலை ஊன்றிப் பின்னால் சாயுங்கள். படகு புரண்டு நிமிரும்.

இப்போது இருக்கைக்கு நேராக நில்லுங்கள். கால் படகுக்கு அடியில் தொங்கினால் ஏற முடியாது, அதனால் காலைப் பின்னால் நீட்டித் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டு வந்து வேகமாக அடியுங்கள். அந்த வேகத்திலேயே இருக்கையின் குறுக்கே வயிறு படியும்படி உடம்பை இழுங்கள். மேலே உயர முயலாமல் குறுக்கே வழுக்க வேண்டும். வயிறு இருக்கைமேல் வந்ததும் கொஞ்சம் மூச்சு வாங்குங்கள். அப்படியே மல்லாந்து புரண்டால் பின்புறம் இருக்கையில் விழும். கடைசியாகக் கால்களை எடுத்து வையுங்கள். முன்முனையிலோ பின்முனையிலோ ஏறப் பார்க்காதீர்கள். உடம்பு பாரமானவர்கள் ஒரு கயிற்று வளையத்தைப் பக்கத்துக் கைபிடியில் கட்டி, அதில் கால் வைத்து ஏறலாம்.

இதை வாசித்து வராது. வெயிலுள்ள நடுப்பகலில், மார்பளவு தண்ணீரில், நீங்களாகவே கவிழ்த்து, நினைக்காமலே வரும்வரை பழகுங்கள். கடையில் கயாக்கைத் தெரிவு செய்யும்போதும் இதையே கேட்டுக்கொள்ளுங்கள்: இதில் நான் தனியாகத் திரும்ப ஏற முடியுமா? முடியாது என்றால் மற்ற எந்தச் சிறப்பும் அதற்கு ஈடாகாது. உண்மையாகவே விழுந்து இரண்டு முயற்சியிலும் ஏற முடியாவிட்டால் மூன்றாவதில் பலத்தை வீணாக்காதீர்கள். படகைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, விசில் ஊதி, கரைப்பக்கம் காலடியுங்கள். கைபேசி நீர்புகாப் பையில் உடம்போடு இருக்கட்டும். பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990.

16. எங்கெங்க போகக் கூடாது?

அணைக்கட்டுக்கும் வான்கதவுக்கும் சுரங்க வாய்க்கும் கிட்டப் போகவே கூடாது. காசல்ரீத் தண்ணீர் சுரங்கம் வழியாக விமலசுரேந்திர மின்நிலையத்துக்கும், மவுசாகலைத் தண்ணீர் கென்யோன் மின்நிலையத்துக்கும் போகிறது. அந்த வாய்ப்பக்கம் மேல்பரப்பு அமைதியாக இருந்தாலும் உள்ளே இழுவை உண்டு. மழைக்காலத்தில் நீர்த்தேக்கம் வான் பாயும் என்ற செய்தி வந்தால் அன்று அந்தத் தண்ணீரையே மறந்துவிடுங்கள். மேல் கொத்மலை சிறிய தேக்கம், பலத்த மழைக்கு மட்டம் விரைவாக ஏறும். அணைக்குக் கீழே ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

கித்துல்கலை ஆற்றில் பாறைக்கு நடுவே ஓட்டுகிறார்களே என்று கேட்பார்கள். அதற்கு வேறு படகு, வேறு பயிற்சி, தலைக்கவசம். நாம் பேசும் கயாக் நின்ற தண்ணீருக்கானது. ரந்தெனிகல பக்கம் வனவிலங்குச் சரணாலயம், யானை தண்ணீருக்கு வரும். காட்டுக் கரையில் இறங்கி நடக்க வேண்டாம்.

17. யார்கிட்டயாவது அனுமதி வாங்கணுமா?

கேட்டுவிட்டு இறங்குங்கள். காசல்ரீ, மவுசாகலை அரச மின்சாரத் துறையின் பொறுப்பு. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகள் மகாவலி அதிகார சபையுடையவை. அணையில் காவல் நிலையம் இருக்கும், எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று அவர்களிடமே கேளுங்கள். மீன்பிடிப்பு 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் வளங்கள் சட்டத்துக்குள் வருகிறது. உள்ளூர் நன்னீர் மீனவர் சங்கத்தலைவரைப் போய்ப் பார்ப்பது மரியாதை மட்டுமல்ல, எந்தப் பக்கம் வலை இருக்கிறது என்று அவர்தான் சொல்வார். நுவரெலியா கிரகறி வாவியில் வாடகைப் படகுச் சவாரி நடக்கிறது, சொந்தக் கயாக்கைக் கேட்காமல் இறக்காதீர்கள்.

18. என்ன மீன் படும்?

பெரும்பாலும் திலாப்பியா. 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன் அது, இன்று நம் நீர்த்தேக்க மீனவர்களின் சோறு. அடுத்தது கெண்டை. உயரம் குறைந்த இடங்களில், விக்டோரியாப் பக்கம், ரோகு, கட்லாவும் உண்டு. மலை ஓடைகளில் உள்ள ட்ரவுட் வெள்ளைக்காரர் காலத்தில் விடப்பட்டது, அது கயாக் மீன் அல்ல.

திலாப்பியாவுக்கு மண்புழுவும் பாணை எச்சில் தொட்டுப் பிசைந்த உருண்டையும் போதும். பட்டாணி அளவுக்கு மேல் உருட்டாதீர்கள், அதன் வாய் சிறிது. வெயில் ஏறியதும் ஆழம் குறைந்த விரிகுடாக்களுக்கு அது வரும். கரையிலிருந்து வீசினால் எட்டாத, மறுகரையின் புல்லோரத்துக்குச் சத்தமில்லாமல் போக முடிவதுதான் கயாக்கின் பலன். துடுப்பைப் படகில் தட்டாமல் வைத்துப் பழகுங்கள், பிளாஸ்டிக் கூடு மத்தளம் போல அதிரும். கெண்டை அடிச்சேற்றில் மேயும், ஓடை வந்து விழும் வாய்களில் தேடுங்கள். முட்டையிடும் மீனையும் குஞ்சையும் திரும்ப விடுங்கள். ஒரு நீர்த்தேக்கத்து மீனை உயிரோடு இன்னொன்றில் விடாதீர்கள்.

19. தூண்டில் போட்டா கயாக் சுத்திக்கிட்டே இருக்கு. நங்கூரம் போடலாமா?

போடலாம், முன்முனையிலோ பின்முனையிலோ மட்டும். பக்கவாட்டில் கட்டினால் காற்றும் கயிறும் சேர்ந்து படகைச் சரிக்கும், கவிழ்வதற்கு அது நேர்வழி. 1.5 கிலோ மடக்கு நங்கூரம் போதும். ஓரமாக ஓடும் ஒரு வளையக் கயிறு பூட்டினால், உட்கார்ந்தபடியே நங்கூரக் கயிற்றை முனைக்கு அனுப்பலாம். கயிறு ஆழத்தின் மூன்று மடங்கு வேண்டும். நம் தேக்கங்களின் நடு ஆழத்துக்கு அது சாத்தியமில்லை, கரையோரத்துக்கு மட்டும்தான்.

7இல் சொன்ன மரக்கட்டைகளில் நங்கூரம் மாட்டிக்கொள்ளும். ஆகவே ஒரே இழுப்பில் விடுபடும் முடிச்சுப் போடுங்கள், கையெட்டும் இடத்தில் ஒரு கத்தி இருக்கட்டும். நங்கூரம் போனால் போகட்டும்.

20. மீன்காரங்க வலையில மாட்டிக்கிட்டா? அறுத்துட்டு வந்துரலாமா?

அறுக்காதீர்கள். அது ஒரு குடும்பத்தின் வருமானம். துடுப்பையும் தூண்டிலையும் படகுக்குள் எடுத்துவிட்டு, வலையின் மேல் கயிற்றைக் கையால் அமுக்கித் தாழ்த்தினால் கயாக் அதன் மேலாகத் தாண்டிவிடும். தூண்டில் முள் மாட்டினால் உங்கள் நைலோனை அறுங்கள். வரிசையாக மிதக்கும் பிளாஸ்டிக் போத்தலோ பழைய செருப்புத் துண்டோ கண்டால் அதற்கு நேராக வலை இருக்கிறது என்று பொருள், சுற்றிப் போங்கள். உங்கள் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் கத்தி. பிறகு தேடிப் போய்ச் சொல்லி, ஈடு கொடுத்துவிடுங்கள்.

21. தண்ணி வத்தினா மஸ்கெலியாவுல பழைய கோயில் தெரியுமே. கயாக்ல கிட்டப் போய்ப் பாக்கலாமா?

மவுசாகலை கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் மட்டம் இறங்கும்போது அங்கே இருந்த கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே வரும். பார்க்க ஆசை வருவது நியாயம். ஆனால் பழைய சுவர்களும் கம்பிகளும் அரையடித் தண்ணீருக்குள் மறைந்து கிடக்கும், மெதுவாக, முன்னால் துடுப்பை நட்டுப் பார்த்துத்தான் போக வேண்டும்.

பெரிய ஆபத்து சேறு. தண்ணீர் வற்றிய விளிம்பில் மேலே காய்ந்து வெடித்த மண், உள்ளே முழங்கால் வரை புதையும் வண்டல். இறங்கிப் புதைந்துவிட்டால் நின்றபடி காலை உருவப் பார்க்காமல், கயாக்கின் மேல் வயிறு படக் கிடந்து ஒவ்வொரு காலாக இழுங்கள். கயாக்கிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்புவது நல்லது. கற்களை எடுத்து வராதீர்கள், அங்கே கும்பிட்டவர்களின் பிள்ளைகள் இன்னும் மஸ்கெலியாவில் இருக்கிறார்கள்.

22. மகளுக்கு 9 வயசு. முன்னால உட்கார வச்சுக் கூட்டிட்டுப் போகலாமா?

ஒருவருக்கான கயாக்கில் வேண்டாம். முன்பக்கம் பாரம் கூடி மூக்கு தாழும், 6இல் போட்ட கணக்கும் தப்பிவிடும். இரண்டு இருக்கை உள்ளதில், பிள்ளையின் நிறைக்கு ஏற்ற, கால்களுக்கு இடையில் பட்டி உள்ள அங்கி போட்டு, மார்பளவு ஆழத்தைத் தாண்டாமல் கரையோரமாகக் கூட்டிப் போகலாம். பட்டி இல்லாவிட்டால் தண்ணீரில் அங்கி மேலே போய்விடும், பிள்ளை கீழே நழுவிவிடும்.

எந்தக் கயிற்றாலும் பிள்ளையைப் படகோடு கட்ட வேண்டாம். கிளம்பும் முன் கரையோரத்தில் அவளோடு சேர்ந்து ஒரு தடவை வேண்டுமென்றே கவிழ்ந்து, அங்கியில் மிதந்து பார்க்கச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டு எழும்பினால் போகலாம். பயந்து அழுதால் அன்று கரையிலிருந்து தூண்டில் போடுங்கள், அடுத்த கிழமை மறுபடி கேட்டுப் பாருங்கள். முதல் சவாரி அரை மணிக்கு மேல் வேண்டாம். உதடு வெளுத்தால் அதற்கு முன்னமே திரும்புங்கள்.